இரு கலையாரும் ஒரு பாசுரமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் ஆறாம் பத்து, பத்தாம் திருவாய்மொழி, பத்தாம் பாசுரம், நம்மாழ்வார் பிராட்டியை முன்னிட்டுத் திருவேங்கடமுடையான் திருவடிகளைச் சரணம் பற்றும் இடம். தென்கலையார், வடகலையார் ஆகிய இரு திறத்தாரும் இதனைச் சரணாகதிப் பாசுரமாகவே கொண்டாடுவர். இரு கலைகளின் வேறுபாட்டையும் உடன்பாட்டையும் கற்க இதனினும் ஏற்ற இடம் அரிது.

இங்கே ஆழ்வார் இரண்டைத் தெரிவிக்கிறார். தமக்கு வேறு கதியில்லை என்பது ஒன்று. தாம் வந்து அடைந்தமை மற்றொன்று. தென்கலை நோக்கில் முன்னதே உயிர்நிலை. எம்பெருமானின் நிர்ஹேதுக கிருபையே காப்பது. சேதநன் அதனை விலக்காதிருத்தலே போதும். வடகலை நோக்கில் பின்னதும் இன்றியமையாதது. கருணை பொழிவதற்கு ஒரு வியாஜம் வேண்டும்; பிரபத்தியே அந்த வியாஜம். பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகள் இவ்வேறுபாட்டைக் காட்ட வந்தவையே. ஆயினும் ஸ்வாமி தேசிகன் பிரபத்தியை ஸாத்யோபாயமாக வைத்து, ஸித்தோபாயம் எம்பெருமானே என்று அறுதியிடுகிறார். குட்டி தாயைப் பற்றினாலும், தாய் குட்டியைக் கவ்வினாலும், கொண்டு சேர்ப்பவள் தாயே.

ஆசார்யர்கள் நடந்து காட்டிய வழியும் இதுவே. பதினான்காம் நூற்றாண்டில் திருவரங்கத்தின்மீது படையெடுப்பு நேர்ந்தபோது, பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறி, வழியில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். தேசிகனோ ஸ்ரீபாஷ்யத்தின் உரையான ச்ருதப்ரகாசிகையையும், அதனை அருளிய சுதர்சன ஸூரியின் குமாரர்களையும் காத்தார் என்பது குருபரம்பரை வரலாறு. ஒருவர் மூர்த்தியைக் காத்தார். ஒருவர் சாஸ்திரத்தைக் காத்தார். 1371-இல் கோபணார்யர் முயற்சியால் நம்பெருமாள் திருவரங்கம் திரும்பினார். இவ்விரண்டில் ஒன்று அழிந்திருந்தாலும் இரு கலையாருக்கும் இழப்பே.

ப்ரதிவாதி பயங்கரம் அண்ணன், தேசிகனின் திருக்குமாரர் நயினாராசாரியரிடம் சாஸ்திரம் கற்றவர். பின்னர் மணவாள மாமுனிகளை ஆச்ரயித்து அஷ்டதிக்கஜங்களுள் ஒருவரானார். தேசிகன்மீது ஸப்ததி ரத்ன மாலிகை பாடியவரும் அவரே. மேற்கண்ட பாசுரத்திற்கு இலக்கான திருவேங்கடமுடையானை நாள்தோறும் திருப்பள்ளி உணர்த்தும் ஸுப்ரபாதம் அவர் அருளியதே. அதைக் கேட்கும்போது எவரும் கலை பார்ப்பதில்லை. நம் காலத்திலும், தென்கலை முறை நடக்கும் திருவரங்கத்தின் 236 அடி ராஜகோபுரத்தை 1987-இல் நிறைவேற்றியவர், வடகலை மரபினதான அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர்.

எனில் பிணக்கு எங்கே? காஞ்சி தேவராஜன் ஸந்நிதியில் கோஷ்டியில் ஓதும் உரிமை யாருக்கு, எந்த ஆசார்யனின் தனியனைச் சேவிப்பது என்பது குறித்து 1882-இலேயே சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புரைக்க நேர்ந்தது. இந்நூற்றாண்டிலும் வழக்கு ஓயவில்லை. இரு தரப்பாரும் ஓத விழைவது அதே அருளிச்செயலைத்தான். பாசுரத்தில் பேதமில்லை, முன்வரிசையில்தான் பேதம்.

முன்வரிசையைப் பகிரும் நெறிக்கு உலகியலிலும் ஒரு சான்று உண்டு. லைட்ஹவுஸ் குப்பத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரியில், மீன் மிகுதியாய்க் கிடைக்கும் இடங்களை மீனவக் குப்பங்கள் சில முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்று ஒருவருக்கு வாய்த்த இடம் நாளை மற்றவருக்கு. அங்கும் பூசல்கள் எழுவதுண்டு. எனினும் வலையிடுவோர் ஏரியைத் துண்டாடுவதில்லை. வங்கி மொழியில் சொன்னால், இயக்குவோர் இருவராயினும் கணக்கு ஒன்றே.

கோயில் முறைகள் தீர்ப்பின்படியும் சம்பிரதாயத்தின்படியும் நடக்கட்டும்; அவற்றை மாற்றுவது நம் கையில் இல்லை. கற்பது நம் கையில் உள்ளது. அன்பர்கள் இப்பாசுரத்திற்கு எம்பெருமானாரின் சீடரான திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படியையும், நம்பிள்ளை ஈட்டையும் அருகருகே வைத்து ஒருமுறை சேவிக்க வேண்டும். மாற்றுக் கலையைச் சேர்ந்த அன்பர் ஒருவரும் உடனிருந்தால் இன்னும் சிறப்பு. எங்கே வேறுபடுகிறார்கள் என்று தேடுவதற்கு முன், எங்கே ஒன்றுபடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலே நீளும்.

அடியேன் ராமாநுஜ தாஸன்