ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பதற்கு முன்

நமது அறக்கட்டளையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துச் செல்லும் சகோதரர்கள் பலர், வீட்டுக்குப் போனதும் அவசரமாகத் திறந்து நோயாளியின் மூக்கில் குழாயை மாட்டிவிடுகிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நடு இரவில் தீர்ந்த பிறகுதான் பதறுகிறார்கள்.

முதலில் சிலிண்டரைப் பாருங்கள். உடல் கறுப்பு, தோள்பகுதி வெள்ளை என்றால் ஆக்சிஜன். எழுதியிருக்கும் பெயரையும் படியுங்கள். சாயாதபடி நிற்கவைத்துக் கட்டுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மரை இறுகிவிட்டதென்று தேங்காய் எண்ணெய் விடுவோர் உண்டு. மிக ஆபத்து! அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் பட்டால், தீக்குச்சி இல்லாமலே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அந்த அறையில் பீடி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம்.

அளவுத் திருகை மூடிவைத்து, சாவியால் வால்வை மெதுவாகத் திறந்து முள்ளைப் பாருங்கள். நிரம்பிய 'பி' வகை சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். மருத்துவர் நிமிடத்துக்கு 2 லிட்டர் எழுதியிருந்தால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 4 லிட்டர் என்றால் ஆறேகால் மணிதான். முள் பாதியில் நின்றால் அதிலும் பாதி. இஷாவுக்குப் பின் மாட்டினால் ஃபஜ்ர் வரை தாங்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டுப் படுங்கள். மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் கொதித்தாறிய நீர் இரு கோடுகளுக்கு இடையே நிற்கட்டும். திருகைத் திறந்ததும் குழாய் முனையை டம்ளர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் துடைத்து மாட்டுங்கள்.