கோப்பைக் கெடுக்கும் பேக்கேஜ் ரெப்போ வழியாகவே வந்தால்

2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வரவேண்டியிருந்தது. ஆனால் அன்று டெபியன் குழு இன்ஸ்டால் இமேஜ் வெளியீட்டை நிறுத்திவைத்து, யாரும் இப்போதைக்கு அப்கிரேடு செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. அதிலிருந்த 6.1.64 கெர்னல், எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் தரவைக் கெடுக்கக்கூடியது. புதிய கெர்னலுக்காக எழுதிய ஒரு திருத்தத்தை 6.1 வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள், அது சார்ந்திருந்த மற்றொரு திருத்தத்தைக் கொண்டுவராமல் விட்டதுதான் காரணம். மறுநாளே 6.1.66-உடன் 12.4 வந்துவிட்டது. ஆனால் பழுதான பேக்கேஜ் அதற்குள் மிரர்களை எட்டியிருந்தது. தானாக அப்டேட் ஆகும்படி அமைத்திருந்த கணினிகளுக்கு அது போய்ச் சேரவும் வழி இருந்தது.

நிலையான வெளியீடுதானே என்று நம்பியிருந்தாலும் இப்படி நடக்கலாம். அப்போது செய்ய வேண்டியவற்றில் பாதிக்கு மேல், செய்யாமல் இருக்க வேண்டியவைதான்.

சந்தேகம் எழுந்தவுடன் டிஸ்கில் எழுதுவதை நிறுத்த வேண்டும். தரவு தனி பார்ட்டிஷனில் இருந்தால் அதை அன்மவுன்ட் செய்தால் போதும். ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பி-யிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். அந்த யுஎஸ்பி-யிலும் அதே பழுதான பதிப்பு இருந்துவிடக் கூடாது; முந்தைய வெளியீட்டின் இமேஜ் பாதுகாப்பானது. எக்ஸ்ட்4-ஐ ‘ரீட்-ஒன்லி’ என்று மவுன்ட் செய்தாலும், முடியாமல் நின்ற ஜர்னல் பதிவுகளை அது டிஸ்கில் எழுதிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ‘ஆர்ஓ’ உடன் ‘நோலோட்’ என்ற ஆப்ஷனையும் சேர்த்தால்தான் எதுவும் எழுதப்படாது.

அடுத்து, பேக்கப் டைமரை நிறுத்த வேண்டும். பதற்றத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான், இழப்பு பெரிதாவதும் இதனால்தான். ஏழு நாள் பிரதிகளைச் சுழற்றிவைக்கும் அமைப்பு ஒரு வாரம் தொடர்ந்து ஓடினால், நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாது.

எஃப்எஸ்செக்கை உடனே ஓட்டத் தோன்றும். ஓட்டக் கூடாது. சந்தேகத்துக்குரியதே அந்தக் கருவியாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் ரிப்பேர் என்பது டிஸ்கில் எழுதும் வேலை. பிடிஆர்எஃப்எஸ்-இன் ‘செக் --ரிப்பேர்’ கட்டளை, தொடங்கும் முன் எச்சரிக்கை காட்டிப் பத்து விநாடி காத்திருக்கிறது. அந்தப் பத்து விநாடிக்குள் நிறுத்திவிடுவதே நல்லது. முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்குப் பிரதியெடுத்துவிட்டு, சோதனைகளை எல்லாம் அந்தப் பிரதியில் செய்யலாம்.

இனி எந்தப் பதிப்பு, எப்போதிலிருந்து என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் ஒவ்வொரு பேக்கேஜும் வந்த நாளும் நேரமும் இருக்கும். கெர்னலில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. டெபியனில் ‘யூநேம் -ஆர்’ கொடுத்தால் 6.1.0-14 என்று பேக்கேஜின் பெயர்தான் வரும். 6.1.64 என்ற உண்மையான பதிப்பைக் காட்டுவது ‘யூநேம் -வி’. இன்ஸ்டால் ஆகியும் ரீபூட் செய்யாத கணினியில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான், அது தப்பியிருக்கும்.

கெட்டவை எவை? அதே 2023-இன் நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்த, ஓபன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் கோளாறு இந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்று காட்டியது. காப்பி செய்த கோப்புகளில் சில பகுதிகள் வெறும் பூஜ்யங்களாக மாறியிருந்தன. ஆனால் ஸ்க்ரப் ஓட்டினால் பிழையே இல்லை என்று வந்தது, ஏனெனில் அந்தப் பூஜ்யங்களுக்கும் செக்சம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. முதலில் சந்தேகம் 2.2.0-இல் வந்த ‘பிளாக் குளோனிங்’ மீது விழுந்தது. அதை முடக்கி 2.2.1 வெளியானது. உண்மையான பிழையோ அதைவிடப் பல ஆண்டுகள் பழையது. 2.2.2-உம் 2.1.14-உம்தான் அதைத் தீர்த்தன.

ஆகவே, கோப்பு முறைமை தனக்குத் தானே தரும் நற்சான்றிதழை நம்பாமல், பழைய பேக்கப்புடன் ஒப்பிட வேண்டும். ஆர்சிங்க்கை ‘-என்ஏஐசி’ ஆப்ஷன்களுடன் ஓட்டினால் எதையும் எழுதாமல் வேறுபாடுகளை மட்டும் பட்டியலிடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எழுத்துச் சரம் வரும். அதில் ‘சி’ மட்டும் இருந்து, அளவுக்கும் நேரத்துக்குமான இடங்களில் புள்ளி இருந்தால், கோப்பின் அளவும் தேதியும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறியிருக்கிறது என்று பொருள். யாரும் தொடாமல் கெட்ட கோப்பு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியவை அந்த வரிகள்தான்.

பிறகு பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கெர்னல் என்றால் கிரப் மெனுவிலேயே முந்தையதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றக் கருவிகளின் பழைய பதிப்புகள் டெபியனின் ஸ்னாப்ஷாட் சேமிப்பில் கிடைக்கும். ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ கொடுத்தால் பழுதான பதிப்பு மீண்டும் ஏறாது. இசட்எஃப்எஸ்-இல் ‘இசட்பூல் அப்கிரேடு’ கொடுத்துப் புதிய வசதிகளை ஏற்கெனவே இயக்கியிருந்தால், பழைய பதிப்பு அந்தப் பூலை ஏற்காமல் போகலாம். அந்தக் கட்டளையில் அவசரம் வேண்டாம்.

தன் கணினியைக் காப்பாற்றியதோடு வேலை முடியவில்லை. ரிப்போர்ட்பக் வழியாகப் புகார் பதிய வேண்டும். தரவு இழப்பு என்றால் தீவிரத்தை ‘கிரேவ்’ அல்லது ‘கிரிட்டிக்கல்’ என்று குறிக்க டெபியன் விதி இடம் தருகிறது. அந்தக் குறி இருந்தால் அன்ஸ்டேபிளிலிருந்து டெஸ்டிங்குக்குப் போகவிருந்த பேக்கேஜ் நின்றுவிடும். ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்ஸ்டாலுக்கு முன்பே எச்சரிக்கை போகும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளரால் எதுவும் செய்ய இயலாது. சிறிய இமேஜ் கோப்பு ஒன்றை உருவாக்கி, லூப் மவுன்ட் செய்து, கருவியை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த செக்சம்களைப் பதிப்பு எண்ணோடு இணைத்தால், அவர் அதைத் தன் கணினியிலேயே நிகழ்த்திப் பார்க்க முடியும்.

திருத்தம் வந்தபின் ஹோல்டை எடுக்க மறக்கக் கூடாது. நிறுத்திவைத்த கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. எடுப்பதற்கு முன் புதிய பதிப்பின் பிழைப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்ட்4 சிக்கலைத் தீர்த்த 6.1.66, சில கணினிகளில் வைஃபையை முடக்கியது. சில நாட்களிலேயே டெபியன் 6.1.67-ஐ அனுப்ப வேண்டியிருந்தது.