பெருநகர் ஆற்றுப்படை: தமிழ் மாணவர்க்குச் சென்னைப் பயணம்

முன்னுரை

பூமியில் பயணம் செய்து, இறைவனின் படைப்பையும் முன்னோரின் முடிவையும் எண்ணிப் பார்க்குமாறு திருக்குர்ஆன் மனிதனைப் பலவிடத்தும் பணிக்கின்றது. காண்பது மட்டுமன்று, கண்டதை எண்ணுவதும் பயணத்தின் கடமையாகும். ஆயினும் இன்று கல்விச் சுற்றுலா என்னும் பெயரால் பெருநகர் செல்லும் நம் மாணவருட் பலர் கடற்கரையையும் கடைவீதியையும் கண்டு, களைப்பையே கொண்டு மீள்கின்றனர். இக்குறை மாணவருடையதன்று, அவரை அழைத்துச் செல்லும் நம்முடைய திட்டத்தின் குறையே ஆகும். தமிழ் பயிலும் மாணவர் சென்னை செல்லுங்கால் எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

பயணத் திட்டம் தமிழர்க்குப் புதியதன்று. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் செம்பாதியாகிய ஐந்து நூல்கள் இவ்வகையின. காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்குப் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் வழி கூறுகின்றது. உமணர் செல்லும் நெறி, எயினர் குடியிருப்பு, ஆயர் பாடி, உழவர் ஊர் எனப் படிப்படியாக அழைத்துச் சென்று, இறுதியிலேயே நகரைக் காட்டுகின்றது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை நிரல்படுத்தி, அவ்வவ்வூரில் கிடைக்கும் உணவையும் குறிக்கின்றது. மலைபடுகடாமோ வழியில் நேரக்கூடிய இடர்களை முன்னரே எடுத்துரைத்து எச்சரிக்கின்றது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் நான்கு. வழியை அறிதல், தங்குமிடமும் உணவும் அறிதல், இடர் அறிதல், சென்ற இடத்தில் ஒழுகும் முறை அறிதல். இந்நான்கையும் சென்னைப் பயணத்திற்குப் பொருத்திக் காண்போம்.

காலமும் முன்னேற்பாடும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமும், கத்திரி வெயிற் காலமும் குழுவாகச் செல்வதற்கு ஏற்றன அல்ல. சனவரி, பிப்ரவரித் திங்கள்கள் நல்லன. 1977 முதல் நடைபெற்று வரும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே அமைவதால், அதனையும் பயணத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

கிழமைத் தேர்வு இன்றியமையாதது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதனை அறியாது நாம் ஒருமுறை நாற்பது மாணவருடன் அதன் வாயில் வரை சென்று திரும்ப நேர்ந்தது. அன்று மாணவர் முகத்தில் கண்ட ஏமாற்றமே இக்கட்டுரை எழுதத் தூண்டியது எனலாம். சுவடி நூலகங்களைக் காண விழைவோர் வார இறுதியை விலக்கி, துறைத் தலைவரின் கடிதம் வாயிலாக முன்னரே இசைவு பெறுதல் வேண்டும். எனவே செவ்வாய் இரவு புறப்பட்டுப் புதன் காலை சென்னையை அடைவதே தக்கது.

முதல் நாள்: எழும்பூர்

தென்மாவட்டங்களிலிருந்து வரும் தொடர்வண்டிகள் பல 1908இல் திறக்கப்பெற்ற எழும்பூர் நிலையத்தையே சென்றடைகின்றன. அதனை ஒட்டியே தங்குமிடம் அமைத்துக்கொண்டால் பொருளும் நேரமும் மிஞ்சும். 1851இல் தோன்றிய அருங்காட்சியகம் அண்மையிலேயே உள்ளது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உலகப் புகழ் பெற்றன. ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருள்களை அங்கே காணும் நெல்லை, தூத்துக்குடி மாணவர், தம் ஊர் மண்ணின் தொன்மையைத் தலைநகரில் வந்து அறிந்துகொள்வர்.

அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா பொது நூலகம் உள்ளது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி அனுப்பப்பெறும் நான்கு நூலகங்களுள் இதுவும் ஒன்றாகும். ஒரு நாளில் இவ்விரண்டு இடங்களே போதும். பலவற்றை விரைந்து காண்பதினும் சிலவற்றை நின்று காண்பதே நலம்.

இரண்டாம் நாள்: சுவடிகளை நாடி

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் இரயில் தடத்தில் கோட்டூர்புரமும் தரமணியும் உள்ளன. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இயங்குகின்றது. காலின் மெக்கன்சி என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அலுவலர் திரட்டிய சுவடிகள் இந்நூலகத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். தரமணியில் 1970இல் நிறுவப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், 1994இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ஒருவர், பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தனியொருவராகத் திரட்டினார். அத்திரட்டே இன்று உலக அறிஞர் தேடிவரும் நூலகமாக விளங்குகின்றது.

அடுத்துப் பெசன்ட் நகரில், 1943இல் தொடங்கப்பெற்ற உ.வே.சாமிநாதையர் நூலகத்தைக் காணல் வேண்டும். உ.வே.சா. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்தார். நாம் வகுப்பறையில் பயிலும் ஆற்றுப்படைகள் அவர் ஊர் ஊராக அலைந்து தேடிய ஏடுகளிலிருந்தே அச்சேறின. செல்லரித்த ஓர் ஏட்டை மாணவர் ஒரு முறை கண்ணால் கண்டால், ஒரு பாடவேறுபாட்டின் அருமை அவர்க்கு எளிதில் விளங்கும். ஏடுகளைத் தொடுதலும், ஒளிப்படம் எடுத்தலும் இசைவின்றிச் செய்யத் தகாதன. இதுவே சென்ற இடத்தில் ஒழுகும் முறையாகும்.

மூன்றாம் நாள்: திருவல்லிக்கேணி

வெள்ளிக்கிழமையைத் திருவல்லிக்கேணிக்கு ஒதுக்குக. காலையில் மெரினாவில், 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சிலைகளைக் காணலாம். வள்ளுவர், ஔவையார், கம்பர் ஆகியோரோடு வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகியோரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கடற்கரைச் சாலையின் மறுபுறம், உ.வே.சா. பணியாற்றிய மாநிலக் கல்லூரியும், 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும், ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையும் உள்ளன.

நண்பகலில் வாலாஜா பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகையை நிறைவேற்றலாம். 1795இல் எழுந்த இப்பள்ளிவாசல், மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் கட்டப்பெற்றது என்பர். அது கட்டப்பெற்ற ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இயற்றியவர் இராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் அவர்களின் அடக்கத்தலமும் இவ்வளாகத்திலேயே உள்ளது. சிறிது தொலைவில் பார்த்தசாரதி கோயிலும், அதனை அடுத்துப் பாரதியார் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த இல்லமும் உள்ளன. ஒற்றுமையைப் பற்றி எழுதப்பெறும் நூறு கட்டுரைகள் உணர்த்தாததை இவ்வொரு பகுதியின் தெருக்கள் உணர்த்தும்.

அன்று மாலை வடசென்னை சென்று குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் அடக்கத்தலத்தைக் கண்டு மீளலாம். தொண்டியை அடுத்த குணங்குடியிலிருந்து வந்த இச்சூஃபிக் கவிஞர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார் என்பது நம் மாணவர் அறிந்து போற்றத்தக்க செய்தியாகும்.

இடர்களும் காப்பும்

பெருநகரில் குழு பிரிந்து போவதே பேரிடர். பத்து மாணவர்க்கு ஒருவர் பொறுப்பேற்பதும், பிரிந்தோர் சந்திக்கும் இடத்தை முன்னரே குறிப்பதும் வேண்டும். ஒரு நாளில் ஒரு திசை என வகுத்துக்கொண்டால் நெரிசலில் நேரம் வீணாகாது. பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகையை மார்க்கம் அளித்திருப்பதால், தொழுகை நேரங்களையும் திட்டத்தில் தவறாது இடம்பெறச் செய்யலாம்.

முடிவுரை

ஆற்றுப்படையில் வழி கூறுபவன் சென்று மீண்டவன் என்பதை நாம் மறத்தலாகாது. மீண்டவர் பிறர்க்கு உரைத்தாலன்றிப் பயணம் நிறைவுறாது. ஆகவே ஒவ்வொரு மாணவரும் தாம் கண்ட ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரையேனும் எழுதித் துறையில் அளித்தல் வேண்டும்.

அதனினும் மேலான கடமை ஒன்றுண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறியது, சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் என்னும் ஒருவர் அதன் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியதால் அன்றோ? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பிற ஊர்களிலும், நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் பழம் பதிப்புகளும் பரண்களில் இன்னும் இருத்தல் கூடும். வீட்டை இடிக்கும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அவை குப்பையாகக் கழிக்கப்படுகின்றன. சென்னையில் ஏட்டின் அருமையைக் கண்டு திரும்பிய மாணவர், தம் வீட்டுப் பரணில் ஒரு முறை ஏறிப் பார்ப்பாராயின், அப்பயணத்திற்கு நாம் செலவிட்ட பொருளும் உழைப்பும் பயன் பெற்றனவாகும்.