வீட்டின் வாடகையும் அயலின் மதிப்பும்: ஸ்காபுறோ வாசிகளுக்கான ஒரு பாடம்

ஒரு வீட்டின் வாடகையை அதன் சுவர்களும் அறைகளும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கிருந்து ரயில் நிலையத்தை எத்தனை நிமிடங்களில் அடையலாம், பாடசாலையும் மருத்துவமனையும் எவ்வளவு தொலைவில் உள்ளன, பூங்காவும் கடைத்தெருவும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றனவா என்பனவும் அதில் பங்கு பெறுகின்றன. இப்பொது வசதிகள் பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தில் உருவானவை. ஆயினும் புதிய வசதியொன்று வரும்போது அதனால் உயரும் வாடகையைச் செலுத்த இயலாத குடும்பம், அவ்வசதி திறக்கப்படும் முன்னரே அயலை விட்டு அகல நேரிடலாம்.

இப்பாடம் இரு விடயங்களை விளக்குகின்றது. ஸ்காபுறோவின் அடையாள இடங்கள் இங்குள்ள வீட்டுச் சந்தையை எவ்வாறு வடிவமைத்தன என்பது முதலாவது. அச்சந்தை மாறும்போது, வாடகையாளர் தமது வீட்டில் நிலைத்திருக்க ஒன்ராறியோச் சட்டம் வழங்கும் பாதுகாப்பு எத்தகையது என்பது இரண்டாவது.

1. அயல் உருவான விதம்

ஒன்ராறியோ ஏரிக்கரையில் உயர்ந்து நிற்கும் வெண்ணிற மண்குன்றுகளே ஸ்காபுறோவின் பெயருக்குக் காரணம். 1793ஆம் ஆண்டில் ஆளுநர் ஜோன் கிறேவ்ஸ் சிம்கோவின் துணைவியார் எலிசபெத் சிம்கோ, இக்குன்றுகள் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கரையிலுள்ள ஸ்காபுறோவை நினைவூட்டியதால் அப்பெயரைச் சூட்டினார். அதன்பின் நீண்டகாலம் இது விவசாய நிலமாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறிற்று. எக்லிங்ரன் அவெனியூ கிழக்கில் ‘கோல்டன் மைல்’ எனப்பட்ட தொழிற்சாலைப் பகுதி எழுந்தது. அதனைச் சூழத் தொழிலாளர் குடும்பங்களுக்கான சிறிய ஒருமாடி வீடுகள் கட்டப்பட்டன. 1960களிலும் 1970களிலும் பிரதான வீதிகளின் ஓரங்களில் உயர்ந்த தொடர்மாடிகள் எழுந்தன. வடகிழக்கே மால்வேர்னில், அரசு 1950களில் வாங்கிய விவசாயக் காணிகளில் 1970களில் குடியிருப்புகள் அமைந்தன. 1973இல் ரேமண்ட் மொரியாமா வடிவமைத்த ஸ்காபுறோ நகர மண்டபமும், அதனருகே ஸ்காபுறோ ரவுன் சென்ரரும் திறக்கப்பட்டன. 1985இல் அப்பகுதியைக் கென்னடி நிலையத்துடன் இணைக்கும் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. 1998 ஜனவரி 1 அன்று ஸ்காபுறோ, ரொறன்ரோ மாநகரத்தின் ஒரு பகுதியாயிற்று.

1983இன் பின்னர் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுட் பலர் முதலில் நகர மையத்திலுள்ள சென்ற் ஜேம்ஸ் ரவுனில் குடியிருந்தனர். பின்னர் ஸ்காபுறோவின் தொடர்மாடிகளையும், தனி வீடுகளின் நிலக்கீழ்க் குடியிருப்புகளையும் நாடினர். இன்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் பல தொடர்மாடிகள் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை. கட்டடத்தின் இந்த வயது, கீழே காணப்போவது போல, வாடகையாளருக்குச் சாதகமானதொன்று.

2. ரயில் பாதை மாறும்போது

2023 யூலை 24 அன்று ஸ்காபுறோ இலகு ரயிலின் பெட்டியொன்று தடம் புரண்டது. அதன்பின் அச்சேவை மீண்டும் தொடங்கப்படவில்லை. பஸ் சேவைகள் அதன் இடத்தைப் பெற்றன. ரயிலை நம்பி வீடு எடுத்தவர்களின் அன்றாடப் பயண நேரம் ஒரே நாளில் மாறிற்று.

அதற்கு மாற்றாகக் கென்னடி நிலையத்திலிருந்து ஷெப்பேர்ட் - மக்கவன் சந்தி வரை 7.8 கிலோமீற்றர் நீளமான சுரங்க ரயில் நீட்டிப்பு அமைக்கப்படுகின்றது. லோரன்ஸ் - மக்கவன், ஸ்காபுறோ சென்ரர், ஷெப்பேர்ட் - மக்கவன் ஆகிய மூன்று இடங்களில் நிலையங்கள் அமையும்.

நிலத்தின் விலை, ரயில் ஓடும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. நிலையம் எங்கு அமையும் என்பது அறிவிக்கப்பட்டதுமே அச்சுற்றாடலில் உயர்மாடிகள் கட்ட விரும்புவோர் காணிகளைத் தேடுவர். தாழ்ந்த கட்டடங்களைக் கொண்ட பழைய கடைத்தொகுதிகளே முதலில் அவர்கள் கண்ணிற்படுவன. தமிழ்ப் பலசரக்குக் கடை, நகைக்கடை, மருத்துவர் நிலையம், பிள்ளைகளின் ரியூசன் வகுப்பு ஆகியன ஒரே கூரையின் கீழ் இயங்கும் இத்தொகுதிகள் எந்த வரைபடத்திலும் சின்னமாகக் குறிக்கப்படாதவை. எனினும் அயலவர் வாழ்வில் அவை நகர மண்டபத்துக்கு நிகரான அடையாளங்கள். ஒன்ராறியோவில் கடைகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. குத்தகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதே அவற்றின் பாதுகாப்பு. வீடுகளின் நிலை வேறு.

3. வாடகை உயர்வு: முதலில் திகதியைக் கேளுங்கள்

குடியிருப்பு வாடகைகள் தொடர்பான ஒன்ராறியோவின் சட்டம் 2006ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி வாடகையை 12 மாதங்களுக்கு ஒரு முறை மட்டுமே உயர்த்தலாம். அதற்கு 90 நாட்களுக்கு முன்னர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உயர்வின் அளவு, மாகாண அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வழிகாட்டி வீதத்தை மீறலாகாது. இவ்வீதம் 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். சபையின் அனுமதியுடன் கூடுதலாக உயர்த்தக்கூடிய சில சூழ்நிலைகளும் உள.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை 1,800 டொலர் எனக் கொள்வோம். 2.5 சதவீத உயர்வு 45 டொலர். 2.1 சதவீத உயர்வு 37 டொலர் 80 சதம். இதற்கு மேல் கேட்கப்படுமாயின், எந்த அடிப்படையில் என எழுத்தில் கேட்க வாடகையாளருக்கு உரிமை உண்டு.

ஆனால் முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. 2018 நவம்பர் 15இன் பின்னர் முதன்முதலாகக் குடியிருப்புக்குப் பயன்படுத்தப்பட்ட புதிய கட்டடங்களுக்கு இவ்வுச்ச வீதம் பொருந்தாது. பெரும்பாலான புதிய நிலக்கீழ்க் குடியிருப்புகளும் இவ்விதிவிலக்கில் அடங்கும். அங்கும் 12 மாத இடைவெளியும் 90 நாள் அறிவித்தலும் கட்டாயமே. ஆயினும் உயர்வின் தொகைக்கு எல்லை இல்லை. ஆகவே புதிய கொண்டோ ஒன்றின் முதலாண்டு வாடகை கட்டுப்படியாகின்றது என்பதை மட்டும் பார்த்து ஒப்பமிடுதல் போதாது. இரண்டாம் ஆண்டில் என்னவாகும் என்பதையும் எண்ண வேண்டும்.

பழைய வாடகையாளர் வெளியேறிப் புதியவர் வரும்போது, வீட்டு உரிமையாளர் விரும்பிய வாடகையைக் கோரலாம். இதனால் பத்தாண்டுகள் ஒரே வீட்டில் இருந்த குடும்பம் வெளியேறும்போது, தன் இருப்பிடத்துடன் பத்தாண்டுகளாகக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த வாடகையையும் இழக்கின்றது. அதே அயலில் அதே அளவான வீட்டுக்கு அத்தொகையில் மீண்டும் இடம் கிடைப்பது அரிது. வெளியேறும்படி கேட்கப்படும்போது அவசரப்படலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

4. அறிவித்தல் வேறு, ஆணை வேறு

இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமெனில், அது இத்தலைப்பே. வீட்டு உரிமையாளர் தரும் கடிதம் ஓர் அறிவித்தல் மாத்திரமே. வாடகையாளர் வெளியேற மறுத்தால், வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் சபையிடம் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். அவ்வாணையை நிறைவேற்றும் அதிகாரம் ஷெரிஃப் எனப்படும் நீதிமன்ற அலுவலருக்கே உரியது. உரிமையாளர் தாமாகப் பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தையோ நீரையோ துண்டிப்பதும் சட்டவிரோதம். வாய்மொழியாகவோ குறுஞ்செய்தியிலோ “அடுத்த மாதம் வீட்டை விடுங்கோ” என்பது சட்டத்தின் கண்ணில் அறிவித்தலே ஆகாது.

வழக்கமாகக் காணப்படும் படிவங்கள் மூன்று:

‘என்-12’: உரிமையாளரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தவரோ அவ்வீட்டில் குடியேற விரும்பும்போது தரப்படுவது. 60 நாள் அவகாசம் தேவை. குடியேறுபவர் குறைந்தது ஓராண்டு அங்கு வாழும் எண்ணத்தை உண்மையாகவே கொண்டிருக்க வேண்டும். பொதுவாக ஒரு மாத வாடகைக்குச் சமமான இழப்பீடும் உண்டு.

‘என்-13’: கட்டடத்தை இடிக்கவோ பெருமளவில் திருத்தவோ தரப்படுவது. 120 நாள் அவகாசம் தேவை. திருத்த வேலையின் பின் அதே வீட்டுக்குத் திரும்ப விரும்புபவர், வெளியேறும் முன்னரே அதனை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். 2025 யூலை 31 முதல் இத்தகைய திருத்த வேலைகளுக்கு ரொறன்ரோ மாநகரத்தின் உரிமமும் கட்டாயம். மேலும், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகளைக் கொண்ட கட்டடத்தை மாநகரத்தின் அனுமதியின்றி இடிக்க இயலாது.

‘என்-11’: இது அறிவித்தல் அன்று, இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டு வாடகையை முடிக்கும் உடன்படிக்கை. பணம் தருவதாகக் கூறி இதில் ஒப்பமிடுமாறு கேட்கப்படலாம். ஒப்பமிடும்படி எவரும் வற்புறுத்த முடியாது. ஆனால் ஒப்பமிட்ட பின்னர் அதிலிருந்து மீள்வது கடினம். ஆதலால் சட்ட ஆலோசனை பெறும்வரை பேனாவை எடுக்காதிருத்தலே நன்று.

5. நிலக்கீழ்க் குடியிருப்புகள்

வழக்கில் ‘பேஸ்மென்ட்’ எனப்படும் இக்குடியிருப்புகள், புதிதாக வந்த பல குடும்பங்களின் முதல் வீடு. இவை குறித்து இரு விடயங்களை அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது: உரிய கட்டட அனுமதி பெறாத குடியிருப்பாயினும், அங்கு வாழும் வாடகையாளருக்கு மேற்கூறிய சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளருடன் அல்லது அவருடைய வாழ்க்கைத்துணை, பிள்ளை, பெற்றோர் ஆகியோருள் அங்கு வாழும் ஒருவருடன் பகிர வேண்டும் என்ற நிபந்தனையில் இருப்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது. உறவினரோ ஊரவரோ வீட்டுக்காரராக இருக்குமிடத்து இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. முன்பணம் கொடுக்கும் முன் அதனைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி இயங்கு நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. அது இல்லாத வீட்டில் வாடகை எவ்வளவு குறைவாயினும் உறங்கலாகாது. பாதுகாப்புக் குறித்து முறையிட்டதற்காகவே ஒருவரை வெளியேற்ற முயன்றால், அக்காரணத்தைச் சபை ஏற்பதில்லை.

புதிதாக வீடு எடுப்போர் முன்பணம் பற்றியும் அறிதல் வேண்டும். இறுதி மாத வாடகையாக ஒரு மாதத் தொகையைக் கேட்கலாம். சேத வைப்புப்பணம் கோருவதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. பிள்ளைகள் இருப்பதாலோ அரச உதவிப்பணம் பெறுவதாலோ வீடு மறுப்பது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது.

6. தாமே சரிபார்த்துக்கொள்ள

பின்வரும் வினாக்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் விடை எழுதி, வாடகை ஒப்பந்தத்துடன் வைத்திருப்பது பயன்தரும்.

நாம் வாழும் கட்டடத்தில் முதன்முதலாக மக்கள் குடியேறிய ஆண்டு எது? அது 2018 நவம்பர் 15க்கு முந்தியதா?
எமது வாடகை கடைசியாக உயர்ந்த திகதி எது? எவ்வளவால் உயர்ந்தது?
வாடகை செலுத்தியமைக்கான பற்றுச்சீட்டுகள் எம்மிடம் உள்ளனவா?
அயலில் புதிய கட்டடத்துக்கான மாநகரத்தின் அறிவித்தல் பலகை ஏதும் நாட்டப்பட்டுள்ளதா? அதில் குறிப்பிடப்படும் பொதுக்கூட்டத்தில் எவரும் பேசலாம்.

மாநகரச் சேவைகள் குறித்து 311 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறலாம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகளும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகளும் கொண்ட கட்டடங்களின் பராமரிப்புக் குறைபாடுகளையும் அங்கே முறையிடலாம். வெளியேற்ற அறிவித்தல் கிடைத்தோர், அது கிடைத்த வாரத்திலேயே தமது பகுதியிலுள்ள சமூகச் சட்ட உதவி நிலையத்தை அணுகுதல் வேண்டும். குறைந்த வருமானமுடையோருக்கு அங்கு ஆலோசனை இலவசம். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், நாட்கணக்கையும் தொகையையும் அவர்களிடம் ஒருமுறை உறுதிப்படுத்திய பின்னரே முடிவெடுக்க வேண்டும்.