கரிசல் மண்ணும் பேரிங் நம்பரும்

அருப்புக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

"சார், பின்சக்கர பேரிங் இரையுது. கம்பெனி ஸ்பேர் வர ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை வண்டியைச் சாத்தி வைக்கவா?" திருச்சுழியிலிருந்து நீ கேட்ட இந்தக் கேள்வி நாலு நாளாக மனசில் கருவேல முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. மின்சார மலைச் சைக்கிள் வாங்கிய இளைஞர்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். மோட்டாரும் பேட்டரியும் கண்ணைப் பறிப்பதால், அந்த வண்டியில் சுழலும் ஒவ்வொரு உருப்படியும் கம்பெனி கிட்டங்கியிலிருந்துதான் வர வேண்டும் என்று நம்பிவிடுகிறார்கள். ஃபிரேமில் பெயர் ஒட்டும் சைக்கிள் கம்பெனிகள் பொதுவாக பேரிங் செய்வதில்லை. அவையும் வெளியே வாங்கித்தான் பொருத்துகின்றன.

சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் ரப்பர் சீலைத் துணியால் துடைத்துப் பார். 6902-2ஆர்எஸ் என்பதுபோல ஒரு நம்பர் இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். இந்த அளவுகள் உலகப் பொதுத் தரத்தில் அடங்கியவை. ஜெய்ப்பூரில் 1946இல் தொடங்கிய நிறுவனத்தின் என்பிசி பேரிங்கானாலும் ஜப்பான் பேரிங்கானாலும் 6902 என்றால் அதே குழியில் உட்காரும். கடைசி இரண்டு எண் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் கிடைத்துவிடும். 6805 என்றால் 25. அதற்குக் கீழே 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17. இந்த நாலை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். பின்னால் வரும் 2ஆர்எஸ், இருபுறமும் ரப்பர் சீல் உண்டு என்பதைச் சொல்கிறது. இசட்இசட் என்றால் இரும்புத் தகடு. அது தூசியை ஓரளவு மறிக்கும், தண்ணீரை மறிக்காது. உன் ஊர்ப் பாதைக்கு ரப்பர்தான் வேண்டும்.

கடைக்குப் போனால் சைக்கிள் பெயரைச் சொல்லாதே, நம்பரைச் சொல். "எலெக்ட்ரிக் மலைச் சைக்கிளுக்கு" என்று ஆரம்பித்தால் கடைக்காரர் கையை விரிப்பார். "6902, ரப்பர் சீல், ரெண்டு" என்றால் எடுத்து வைப்பார். அருப்புக்கோட்டை நூற்பாலை ஊர். மில்லுக்குச் சரக்குப் போடும் பேரிங் கடைதான் உன் முதல் வாசல். அங்கே இல்லாத நம்பருக்கு மதுரை, அதற்கும் மேலே கோயம்புத்தூர்.

நூற்பாலை என்று சொன்னதும் ஒரு கதையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு நெசவாலை. அதன் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட். ஆலை நின்ற இடமோ களிமண். மண் அசைந்தால் கட்டடம் அசையும். கட்டடம் அசைந்தால் ஆலை நெடுக ஓடும் நீண்ட ஷாஃப்ட் கோணும். கோணிய ஷாஃப்ட் பேரிங்கைத் தின்னும். மாற்றுப் பேரிங்குக்கு ஜெர்மனியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும், உன் ஆறு வாரம் போல. அந்த மனிதர் சாத்தி வைத்துவிட்டு உட்காரவில்லை. இரண்டு வரிசைக் குண்டுகள், வெளிவளையத்தின் உட்புறம் ஒரு பெரிய கோளத்தின் துண்டுபோல வளைந்தது. ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் குண்டுகள் தடுமாறாமல் ஓடும் ஒரு பேரிங்கை வடிவமைத்தார். 1907இல் அதற்குக் காப்புரிமை, அதே ஆண்டில் எஸ்கேஎஃப் நிறுவனம். பின்னால் அதன் மடியில் வளர்ந்ததுதான் வோல்வோ கார் கம்பெனி. வோல்வோ என்ற லத்தீன் சொல்லுக்கு 'உருள்கிறேன்' என்று பொருள்.

இதைப் படித்த நாள் முதல் ஒரு எண்ணம் விடாமல் தொடர்கிறது: பேரிங்கைப் புரிந்துகொள்ள அருப்புக்கோட்டையைவிட ஏற்ற ஊர் கிடையாது. களிமண்ணும் பஞ்சும் அந்தப் பேரிங்கைப் பெற்றன என்றால், அந்த இரண்டும் இங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசியில் உப்பி, சுவரைக் கீறும் கரிசலில் வீடு கட்டியவர் யாரையும் கேள், விங்க்விஸ்டின் தொல்லை அவருக்கு விளங்கும். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபிட்டரிடம் பத்து நிமிஷம் பேசு. ஷோரூமில் கிடைக்காத படிப்பு அது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் வழியில், பட்டறைச் சொற்களுக்கும் யாராவது ஓர் அகராதி போட வேண்டும். பால்ரஸ் (பால் ரேஸ்), ஓவராயில் (ஓவர்ஹால்) என்ற சொற்களுக்குள் நூறு வருஷத்துக் கைவேலை இருக்கிறது. படித்த பிள்ளைகள் அவற்றைக் கேட்டுச் சிரிப்பது பிடிக்கவே இல்லை.

பேரிங்கின் கதையில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. 1869இல் பாரிஸில் ழூல் சூரிரே சைக்கிளுக்கான குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸ்–ரூவான் பந்தயத்தை ஜேம்ஸ் மூர் வென்றது அத்தகைய பேரிங் பூட்டிய வண்டியில். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார்.

உன் வண்டிக்கு வருவோம். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். நம் சட்டப்படி பதிவில்லாமல் ஓட்டும் மின்சார சைக்கிள், மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். அந்த முழு வேகத்திலும் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 180 சுற்றுதான். மில்லில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றைத் தாண்டும். ஆக, உன் பேரிங் ஓடித் தேய்ந்து சாகவில்லை. மண்ணும் தண்ணீரும் நுழைந்து சாகிறது.

கோடையில் மாவாகப் பறக்கும் கரிசல், மழையில் பசையாகி சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையில் அப்பிக்கொள்ளும். கண்மாய்க்கரையிலும் குண்டாற்றங்கரையிலும் ஓட்டிவிட்டு வந்தவர்கள் அடுத்துச் செய்வது, வாட்டர் சர்வீஸில் நிறுத்தி ஹப்பின்மேல் நேராகப் பீய்ச்சி அடிக்கச் சொல்வது. இது கூடவே கூடாது. ரப்பர் சீல் தூறலைத் தாங்கும், அந்த அழுத்தத்தைத் தாங்காது. பைக்கைக் கழுவுகிறார்களே என்று சொல்லாதே; அங்கேயும் செய்யக் கூடாததைத்தான் செய்கிறார்கள். மண்ணைக் காயவிட்டு, குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடை.

பின் சஸ்பென்ஷன் இருக்கும் வண்டி என்றால் அதன் மூட்டுப் பேரிங்குகளைத் தனியாகக் கவனி. அவை முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை, சில பாகை ஆடி ஆடித் திரும்புகின்றன. அதனால் குண்டுகள் ஒரே இடத்தில் அடிவாங்கும், கிரீஸும் பரவாது. இந்த இடத்துக்கென்றே, குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு இல்லாமல் வளையம் நிறையக் குண்டு அடைத்த பேரிங் வருகிறது. மெதுவாக ஆடும் மூட்டுக்கு அது நல்லது. சக்கரத்துக்கு அதைப் போடாதே.

பொருத்துவதில்தான் பாதிப் பேர் புதுப் பேரிங்கைக் கொல்கிறார்கள். சுத்தியலால் உள்வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போய், ஓடுபாதையில் குழி விழும். அப்புறம் மூன்றே மாதத்தில் இரைகிறது என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஹப்புக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்து. நீளமான மரையாணி, இரண்டு நட்டு, அளவான வாஷர்கள் போதும். லேத் பட்டறையில் சொன்னால் கடைந்து தருவார்கள்.

"சீல் போட்டது, மெயின்டனன்ஸே வேண்டாம்" என்பதை நம்பாதே. சீலைப் பிளேடு முனையால் உள் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பி எடுக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, லித்தியம் கிரீஸ் வை. மூட்டுக்கு நிறைய, சக்கரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. கழுவிய பிறகும் சொரசொரத்தால் மாற்றிவிடு. துரு நீக்கும் ஸ்பிரேயைப் பேரிங்குக்குள் அடிக்காதே, உள்ளே இருக்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும்.

எல்லாமே மில் கடையில் கிடைத்துவிடாது. 15×26×7, 16×31×10 போன்ற அளவுகள் சைக்கிளுக்கென்றே செய்யப்படுபவை. ஹேண்டில்பார் கழுத்துப் பேரிங்கில் சாய்வுக் கோணமும் பொருந்த வேண்டும். இவற்றைச் சைக்கிள் உதிரிக் கடைகளில் தேடி, ஒரு ஜோடி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். பெடல் நடுவில் அமர்ந்த மோட்டாரை வாரண்டி முடியும்வரை திறக்காதே. அதன் பிறகும் உள்ளே இருக்கும் பேரிங்கின் நம்பரோடு சீல் வகை, உள் இடைவெளியைச் சொல்லும் சி3 குறியீடு எல்லாம் அப்படியே ஒத்துப்போனால்தான் மாற்ற வேண்டும். அங்கே ரோட்டர் ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது, சூடும் உண்டு.

பெயர் பெற்ற பேரிங்குகளுக்குப் போலிகளும் உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதே, பில்லோடு வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு நம்பரை எழுது. சீலில் எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அள. அப்படியே முன்சக்கரத்துப் பேரிங்கையும் பார்த்துக் குறித்துவிடு, அது இன்னும் இரையாவிட்டாலும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்