பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நடந்தால், துணிக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே பேட்டரிப் பொம்மைகள் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் அப்படித்தான். தைப்பூசத்தன்று பத்துமலையில் கேட்கவே வேண்டாம். பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும், பத்து வெள்ளிதானே என்று வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் மனசு அடித்துக்கொள்ளும்: இதை எங்கே செய்தார்கள், என்ன சாயம் அடித்தார்கள், வாயில் வைத்தால் என்ன ஆகும்? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி நான். அந்தக் கவலையைக் கடை வாசலிலேயே பாதியாவது தீர்த்துக்கொள்ளும் வழிகளை எழுதுகிறேன்.

1. ஊர்ப் பெயரைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ‘மேட் இன் சைனா’ என்று கண்டதும் கீழே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2007 ஆகஸ்ட்டில் மேட்டல் நிறுவனம் ஏறக்குறைய 15 லட்சம் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் பூச்சில் ஈயம் இருந்தது. சீனாவின் ஃபோஷான் நகரத்து ஒப்பந்தத் தொழிற்சாலை, அனுமதி பெறாத இடத்திலிருந்து வந்த நிறமியைச் சேர்த்திருந்தது. அதே மாதம், காந்தம் கழன்று விழக்கூடிய 1 கோடியே 82 லட்சம் பொம்மைகளும் திரும்ப அழைக்கப்பட்டன. காந்தக் கோளாறு தொழிற்சாலையில் நடந்ததல்ல, எங்கள் வடிவமைப்பில்தான் பிழை என்று மேட்டல் உயரதிகாரி ஒருவர் செப்டம்பரில் பெய்ஜிங்குக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அதே நிறுவனத்தின் ஹாட் வீல்ஸ் கார்கள் நம் பினாங்குப் பிறையிலும் 1980களிலிருந்து தயாராகின்றன. வீட்டில் இருக்கும் காரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் மலேசியா என்று பொறித்திருக்கலாம். எந்த நாடு என்பதைவிட, எவர் சோதித்தார், இங்கே எவர் பொறுப்பேற்கிறார் என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

2. எம்.சி. முத்திரையைத் தேடுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று இந்த நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்குப் பாதுகாப்புத் தரத்தைக் கட்டாயமாக்கும் விதிமுறைகள் 2009-இல் வந்தன. இறக்குமதி செய்பவரும் சரி, இங்கேயே செய்பவரும் சரி, சிரிம் போன்ற ஆய்வுக்கூடத்தின் சோதனை அறிக்கையை உள்நாட்டு வாணிப அமைச்சிடம் காட்டிச் சான்றிதழ் பெற்ற பிறகே அந்த முத்திரையைப் பதிக்க முடியும். கூர் முனை இருக்கிறதா, உதிரி கழன்று வருகிறதா, எளிதில் தீப்பிடிக்குமா, பூச்சிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவை வெளியேறுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஐரோப்பாவின் சி.இ. எழுத்துகள் இருந்தால் போதாதா என்று சில கடைக்காரர்கள் கேட்பார்கள். போதாது. பெரும்பாலான பொம்மைகளில் அது தயாரிப்பாளர் தாமே பதித்துக்கொள்ளும் உறுதிமொழி. இங்கே வேண்டியது எம்.சி.

2023 தொடக்கத்தில் லாதோ-லாதோ மோகம் பிடித்து ஆட்டியது நினைவிருக்கும். சந்தையில் குவிந்த அந்த இரட்டைக் குண்டுகளில் எம்.சி. முத்திரை இல்லாதவற்றை விற்கக் கூடாது என்று அமைச்சு அப்போது நினைவூட்ட வேண்டியிருந்தது. திடீரென்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே பொம்மையைக் கேட்கும் காலத்தில்தான் சோதனை பெறாத சரக்கு அதிகம் புகும். அந்த நேரத்தில் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டால் நல்லது.

3. பாசார் மாலாமில் பெட்டி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். பெட்டியும் அட்டையும் இல்லையென்றால் முத்திரை இல்லை, இறக்குமதியாளர் பெயர் இல்லை, எந்த வயதுக்கு உரியது என்ற குறிப்பும் இல்லை. வயதுக் குறிப்பைப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்கான அளவுகோலாக எடுத்துக்கொண்டு, ‘என் மகன் சூட்டிகையானவன், இரண்டு வயதிலேயே இதை விளையாடுவான்’ என்று வாங்குகிறோம். மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் சிறு துண்டுகளுக்கான எச்சரிக்கை. புத்திசாலிப் பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான்.

4. இணையத்தில் வாங்கும்போது படத்தைக் கேட்டு வாங்குங்கள். கடல் கடந்து நேரே நம் வீட்டு வாசலுக்கு வரும் சிறு பொட்டலத்துக்கு உள்ளூரில் பொறுப்பாளர் என்று யாரும் இருப்பதில்லை. விற்பவரிடம், ‘எம்.சி. முத்திரை தெரியும்படி பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். முன்பக்கத்து அழகுப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினால் விட்டுவிடுங்கள். உரையாடலையும் விலைப்பட்டியலையும் படம்பிடித்து வையுங்கள்.

5. கழிவறைத்தாள் உருளையை எறியாதீர்கள். தரச்சோதனைக்கூடத்தில் பொம்மைத் துண்டுகளைப் போட்டுப் பார்க்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், சிறு பிள்ளையின் தொண்டையை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. தாள் தீர்ந்த அட்டை உருளை சுமார் 4 செ.மீ. இருக்கும். அதற்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு. பெரிய பொம்மையின் கண், மூக்கு, சக்கரம் ஆகியவற்றைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அதுவும் சிறு துண்டுதான்.

6. பட்டன் பேட்டரி. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். என் பேரனுக்கு ஒன்றரை வயதில், இரவுச் சந்தையில் வாங்கிய பாட்டுப் பாடும் விளையாட்டுத் தொலைபேசி ஒன்று தரையில் விழுந்தது. பின்மூடிக்குத் திருகாணி இல்லை. மூடி தெறித்துப் போயிற்று. நான் குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் கையில் பளபளவென்று பேட்டரி இருந்தது. வாய்க்குப் போவதற்கு முன்னால் பிடுங்கிவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

நம் 20 காசு நாணயத்தின் அளவுள்ள லித்தியம் பேட்டரிதான் மிக ஆபத்தானது. உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் கடுங்காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துபோகும். பொம்மையை இயக்கும் சக்தி தீர்ந்த பழைய பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியதை நாம் பார்க்காவிட்டால், எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் எல்லாம் சாதாரணச் சளி போலவே தோன்றும்.

ஆகவே பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், ‘பட்டன் பேட்டரி’ என்ற சொல்லை முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது நாணயம் போலத் தெரியக்கூடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது நிறைந்த பிள்ளையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், விழுங்கவும் முடிகிறதென்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் அந்தப் புண்ணைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் வாங்குவதற்காகக் கடைக்குப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

7. சிறு காந்த உருண்டைகள் வீட்டில் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு அப்பாலும் இப்பாலும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவே சிக்கிய குடலை ஓட்டையாக்கிவிடும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண மணிகளும் அப்படியே: விழுங்கும்போது கடுகளவு, வயிற்றுக்குள் போனபின் கோலிக்குண்டு.

8. முகர்ந்து பாருங்கள், ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் ரசாயன வாடை வந்தாலோ வெள்ளைத்துணியில் சாயம் ஒட்டினாலோ அங்கேயே வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: வாடையும் சாயமும் இல்லாததால் பொம்மை நல்லது என்று ஆகிவிடாது. ஈயத்துக்கு வாடை கிடையாது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் வகைகளையும் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அவற்றில் சிலவற்றை ஐரோப்பா 2005-இல் 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல் ஈர்த்துக்கொள்ளும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆரம்பத்தில் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது, மூளை வளர்ச்சிதான் அடிபடும். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் பூச்சு உதிரும் பொம்மை எதுவும் வேண்டாம்.

9. கயிறு ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. கைக்குழந்தைப் பொம்மைகளில் கழுத்தைச் சுற்றக்கூடிய கயிற்றுக்கு ஐரோப்பியத் தரம் வைத்திருக்கும் அளவு 22 செ.மீ.; நம் சாண் கணக்கு ஏறக்குறைய அதே. ஏணையிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் கிலுகிலுப்பையை நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

10. ஊரிலிருந்து வரும் பொம்மையையும் பாருங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் சொப்புச் சாமானும் மரப் பொம்மையும் வாங்கி வருவார்கள். இந்தியத் தரக்குழு 2019-இல் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன்பின் 2021 ஜனவரி 1 முதல் அங்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், சன்னபட்டணத்து அரக்குப் பூச்சுப் பொம்மைகளில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அவற்றை நம்பகமான கடையில், என்ன சாயம் என்று கேட்டு வாங்குங்கள். நான் வாங்கியிருக்கிறேன், நன்றாகவே இருக்கின்றன.

11. அண்ணன் பிள்ளை விளையாடிய பழைய பொம்மைப் பெட்டியை அப்படியே தம்பி பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். 2009 விதிகளுக்கு முந்தையவை, பூச்சு உரிந்தவை, பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கியவை ஆகியவற்றைப் பிரித்தெடுங்கள். பிறந்தநாள் முடிந்ததும் வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்குங்கள். பலூன் ரப்பர் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

12. ரசீதையும் பெட்டி அட்டையையும் ஒரு வருடமாவது வையுங்கள். கோளாறான பொம்மையைப் படம் எடுத்து, உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால், 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் கேளுங்கள். பத்து வெள்ளிப் பொம்மைக்காக இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். உங்கள் புகார் போனால்தான் அதே சரக்கின் மிச்சப் பெட்டிகள் கடை அலமாரியிலிருந்து இறங்கும்.

13. புகார் முடியும்வரை அந்தப் பொம்மையை உயரமான அலமாரியில் வையுங்கள். பிறகு வேறு வீட்டுப் பிள்ளைக்குத் தானமாகக் கொடுக்காமல் உடைத்துப் போடுங்கள். பேட்டரியை முதலில் கழற்றி, இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, பழைய பேட்டரி சேகரிக்கும் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.