எல்லோரும் ஒரே கேள்வியை ஏன் கேட்கிறார்கள்?

காலையில் ஒருவர், நண்பகலில் மற்றொருவர், மாலையில் மாணவர் சிலர் என வந்து, அனைவரும் அதே கேள்விகளையே கேட்கிறார்களே! மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் உறவினரும் இவ்வாறு சலித்துக்கொள்வது இயல்பே. இதற்கான விடையை நம் பகுதி மக்கள் நன்கறிந்த ஜிப்மரின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம்.

1823-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. காரைக்காலும் அன்று அதே ஆட்சியின்கீழ் இருந்தது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னர், 1956-இல் அப்பள்ளியின் தொடர்ச்சியாகத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. 1964-இல் அது முதுநிலைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிறுவனமாக உயர்ந்து, ஜவாஹர்லால் நேருவின் பெயரைப் பெற்றது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 2016-இல் காரைக்காலிலும் அதன் மருத்துவப் படிப்பு தொடங்கியது.

நோய் தீர்ப்பதும் மருத்துவரை உருவாக்குவதும் இத்தகைய நிறுவனத்தின் இரு பணிகள். இரண்டும் நோயாளியின் படுக்கையருகிலேயே நிகழ்கின்றன. படிப்பை முடித்து ஓராண்டு கட்டாயப் பயிற்சி பெறுபவர் பயிற்சி மருத்துவர். அடுத்த நிலையில் இருப்பவர் முதுநிலை மாணவர். இவர்கள் கூறுவதைக் கேட்டு, தாமும் பரிசோதித்து, சிகிச்சைக்குப் பொறுப்பேற்பவர் மூத்த மருத்துவர்.

மீண்டும் மீண்டும் கேட்பதால் நோயாளிக்கும் நன்மையுண்டு. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உண்ட மாத்திரையைக் காலையில் சொல்ல மறந்தவர், மாலையில் மாணவர் பொறுமையாகக் கேட்கும்போது நினைவுகூரலாம். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே, அந்த ஒரு சொல் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடக்கூடும்.

ஆயினும், கற்பித்தலுக்கு உங்கள் இசைவு தேவை. வந்திருப்பவர் யார் என நீங்கள் கேட்கலாம். களைப்பாக இருந்தால், பிறகு வருமாறு கூறலாம். மாணவர் பரிசோதிப்பதை மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறைவுபடலாகாது. பெண் நோயாளிகள் பரிசோதனையின்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டுமெனக் கோரலாம். ஆராய்ச்சியில் சேர்ப்பதாயின், விளக்கம் தந்து தனியே ஒப்புதல் பெறவேண்டும்.

உடனிருப்போர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், முன்பு செய்த அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றை அதில் எழுதி, பழைய மருத்துவச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். வினவுவோரிடம் அதைக் காட்டினால், நோயாளியின் களைப்பும் குறையும், விவரமும் விடுபடாது.

இன்று உங்கள் நாடி பிடித்துப் பழகும் இளைஞர், நாளை திருநள்ளாறிலோ நெடுங்காட்டிலோ மருத்துவராகப் பணிபுரியக்கூடும். அவர் கற்கும் பாடத்தில் நீங்களும் ஓர் ஆசிரியர்.